வணிகக் கட்டடங்களின் பூட்டும் சாவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, அலுவலகம், கிடங்கு, மருத்துவமனை என்று பூட்டு வேலைக்காகப் போகிற இடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வீட்டுப் பூட்டு பற்றி இங்கே பேசவில்லை. பலர் வந்து போகிற, பலர் கையில் சாவி இருக்கிற கட்டடங்களுக்கானது இது.

எல்லோரும் முதலில் பூட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் பதில்கள் பெரும்பாலும் சாவியில் போய் நிற்கும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கடைக்கு எந்தப் பூட்டு நல்லது? விலை கூடினா பாதுகாப்பும் கூடுமா?

ஓரளவு வரைக்கும் கூடும். அதற்கு மேல் நீங்கள் கொடுக்கிற காசு கைப்பிடியின் பளபளப்புக்குப் போகிறது. பூட்டு வாங்கப் போகும் முன்னால் கதவையும் நிலையையும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பூட்டின் தாழ் போய் நுழைகிற இடத்தில் மெல்லிய தகடு ஒன்று, அதில் அரை அங்குலத் திருகாணி இரண்டு. பல அலுவலகங்களில் இதுதான் நிலைமை. திருடன் பூட்டைத் தொடவே வேண்டாம். தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தால் தகடு பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

தாழ் குறைந்தது 25 மில்லிமீட்டர் வெளியே வர வேண்டும். தகட்டின் திருகாணி நிலையின் மரத்தைத் தாண்டிச் சுவர் வரைக்கும் இறங்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் கீலும் வெளியே இருக்கும். கீலின் ஆணியைத் தட்டிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் நல்ல பூட்டுக்குச் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு.

லீவர் பூட்டு, சிலிண்டர் பூட்டு, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. லீவர் பூட்டுக்குள் தட்டையான பித்தளைத் தகடுகள் அடுக்கியிருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். கொஞ்சம் கூடவோ குறையவோ தூக்கினாலும் நகராது. சிலிண்டர் பூட்டில் தகடுக்குப் பதில் சின்னச் சின்ன ஊசிகள், அவற்றின் தலையில் ஸ்பிரிங். அமெரிக்காவில் லைனஸ் யேல் என்பவர் 1861-இல் காப்புரிமை வாங்கிய அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான அலுவலகக் கதவுகளில் இருக்கிறது.

எது உசத்தி என்று கேட்காதீர்கள். கனமான லீவர் பூட்டு கிடங்குக்கும் ஷட்டருக்கும் அருமையாக உழைக்கும். ஆனால் சாவி தொலைந்தால் பெரும்பாலும் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டிவரும். சிலிண்டர் பூட்டில் பக்கவாட்டில் உள்ள ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, சிலிண்டரை மட்டும் உருவிவிட்டு வேறு மாட்டலாம். ஆட்கள் அடிக்கடி மாறுகிற இடத்துக்கு இந்த வசதி பெரிய விஷயம். வாங்கும்போது கதவின் கனத்துக்குச் சரியான நீளத்தில் வாங்குங்கள். சிலிண்டர் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் இடுக்கியால் பிடித்து நடுவில் முறித்துவிடலாம். அந்தத் திருகாணித் துளை இருக்கிற இடம்தான் அதன் மெலிந்த இடுப்பு.

பெட்டியில "ஹை செக்யூரிட்டி"ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?

அச்சடிக்கக் காகிதம் இருந்தால் யாரும் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள். டிரில் போட்டால் தாங்குகிற கடினப்படுத்திய எஃகு ஊசிகள் உள்ளே இருக்கின்றனவா? கம்பி விட்டுத் திறப்பதையும், தட்டித் திறப்பதையும் (பொய்ச் சாவியைச் செருகித் தட்டி ஊசிகளைத் துள்ளவைப்பது) தடுக்கத் தனி அமைப்பு உண்டா? அதன் சாவியைத் தெருமுனையில் வெட்ட முடியாதபடி கட்டுப்பாடு இருக்கிறதா? மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் பாதிப் பயன்தான்.

இரண்டாவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பின்லாந்தின் அப்லாய் பூட்டில் ஊசியும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. சுழலும் வட்டத் தகடுகள்தான். எமில் ஹென்ரிக்சன் என்பவர் 1907-இல் உருவாக்கியது. ஸ்பிரிங் இல்லாததால் தட்டித் திறக்கிற வித்தை அதனிடம் செல்லாது. அமெரிக்காவின் மெடெக்கோ பூட்டில் சாவியின் வெட்டுகள் சாய்வாக இருக்கும். ஊசி சரியான உயரத்துக்கு ஏறினால் மட்டும் போதாது, சரியான கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும். இஸ்ரேலின் முல்-டி-லாக் ஊசிக்குள் ஊசி வைத்தது.

தரச்சான்று கேளுங்கள். ஐரோப்பாவில் சிலிண்டர்களுக்கு இ.என். 1303. அதில் சாவிப் பாதுகாப்புக்கு 1 முதல் 6 வரை தரம் உண்டு. 6 வாங்க வேண்டுமென்றால் குறைந்தது 1,00,000 வெவ்வேறு சாவிகள் அந்த அமைப்பில் சாத்தியப்பட வேண்டும். அமெரிக்காவின் யு.எல். 437 சோதனையில் சிலிண்டர் டிரில்லுக்கு 5 நிமிடமும், கம்பி விட்டுத் திறக்கும் முயற்சிக்கு 10 நிமிடமும் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆம், நிமிடக் கணக்குதான். உலகத்தின் எந்தப் பூட்டும் நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது. அந்த நேரத்துக்குள் யாராவது பார்க்கவோ அலாரம் அடிக்கவோ வேண்டும்.

திண்டுக்கல் பூட்டை இன்னும் நம்பலாமா?

கையால் செய்த நல்ல திண்டுக்கல் பூட்டு இன்றைக்கும் நம்பத்தக்கதுதான். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து ராவிச் செய்வதால், ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேர்வது அரிது. பெரிய கதவு, கோயில், கிடங்கு, பழைய பொருள் அறை போன்ற இடங்களில் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

இருபது அறை உள்ள அலுவலகத்துக்கு அது சரிப்படாது. மாஸ்டர் சாவி அமைப்பு (ஒரே சாவி பல கதவுகளைத் திறப்பது), எண்ணிட்ட பிரதிகள், சிலிண்டர் மாற்றுவது இதெல்லாம் அதில் கிடையாது. அப்புறம், கடையில் "திண்டுக்கல்" என்று சொல்லி விற்பது எல்லாம் அங்கே செய்ததில்லை. தயாரித்த பட்டறையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

ஷட்டருக்கு மூணு பூட்டு போட்டிருக்கோம், போதாதா?

எந்த மூன்று என்பதைப் பொறுத்தது. தரையோடு சேர்ந்த இரண்டு வளையங்களில் தொங்கு பூட்டு, நடுவில் சென்டர் லாக் என்பதுதான் வழக்கமான அமைப்பு. தொங்கு பூட்டைப் பொறுத்தவரை வெட்டுபடுவது பெரும்பாலும் அதன் வளைந்த கம்பி, இல்லாவிட்டால் அது மாட்டியிருக்கிற வளையம். பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, புள்ளி வெல்டிங் வைத்த ஆறு மில்லிமீட்டர் கம்பி வளையத்தில் மாட்டுகிறார்கள். ஒரு கடப்பாரை போதும்.

கம்பியின் பெரும்பகுதி உடம்புக்குள் மறைந்திருக்கிற பூட்டை எடுங்கள். வெட்டுக்கத்திக்கு வாய் வைக்க இடம் இருக்காது. சாவி இல்லாமலே "டக்" என்று அழுத்திப் பூட்டுகிற மலிவான ரகங்களில், கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் மெல்லிய தகரத் துண்டைச் செருகித் திறந்துவிட முடியும். சாவியைத் திருப்பினால்தான் பூட்டுகிற ரகம், அல்லது உள்ளே எஃகு உருண்டைகள் கம்பியைக் கவ்விப் பிடிக்கிற ரகம் மேல். பக்கவாட்டு வழிப்பட்டிக்குள் தாழ் பாய்கிற உட்பூட்டு இருபுறமும் இருந்தால் இன்னும் நல்லது. ஷட்டரை நடுவில் நெம்பித் தூக்குவது கடினமாகிவிடும்.

கண்ணாடிக் கதவுக்குக் கீழே ஒரு பூட்டு இருக்கே, அது போதுமா?

பகல் நேரத்துக்குப் போதும். சாப்பாட்டு இடைவேளையில் பூட்டிவிட்டுப் போகலாம். இரவில் அந்தக் கண்ணாடிக்கு வெளியே ஷட்டர் வேண்டும், இல்லையென்றால் உள்ளே பணமும் பொருளும் இருக்கிற அறைக்குத் தனிக் கதவும் தனிப் பூட்டும் வேண்டும்.

பூட்டு இறுகுது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து நாளடைவில் பசையாகிவிடும். ஊசி அசையாமல் நின்றுபோகும். கிராஃபைட் தூளோ, பூட்டுக்கென்று விற்கிற உலர் மசகோ போதும். இரண்டையும் கலக்காதீர்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு உடம்பு உள்ள பூட்டையே வாங்குங்கள். சாவி தேய்ந்துபோய் இறுகுகிறது என்றால் தேய்ந்த சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டாதீர்கள். தேய்மானமும் சேர்ந்து வெட்டுப்படும். ஆரம்பத்தில் வந்த மூலச் சாவியிலிருந்து வெட்டுங்கள்.

சாவியில "டூப்ளிகேட் எடுக்கக் கூடாது"ன்னு பொறிச்சுட்டா போதுமா?

அதைப் படித்துவிட்டு வெட்ட மறுக்கிற சாவிக்கடைக்காரரும் இருக்கிறார், படிக்காமலே வெட்டிக் கொடுக்கிறவரும் இருக்கிறார். சாதாரணச் சாவியின் வெற்றுத் துண்டு, அதாவது இன்னும் வெட்டுப் போடாத சாவி, ஆணிப்பலகை நிறையத் தொங்குகிறது. ஐந்து நிமிடத்தில், தேநீர்க் காசில் பிரதி வந்துவிடும். பொறித்த எழுத்து யாரையும் தடுப்பதில்லை.

தடுக்கக்கூடியது ஒன்றுதான்: வெட்டுவதற்கு வெற்றுத் துண்டே கிடைக்கக் கூடாது. கட்டுப்படுத்திய சாவி என்று சொல்கிறோமே, அதன் அடிப்படை இதுதான். சாவியின் வடிவத்துக்கு நிறுவனம் காப்புரிமை வாங்கிவைத்திருக்கும். வெற்றுத் துண்டை அங்கீகரித்த விற்பனையாளருக்கு மட்டும்தான் கொடுக்கும். உங்களுக்குப் பூட்டோடு ஒரு அட்டை தருவார்கள். அட்டையைக் காட்டி, பதிவில் உள்ளவரின் கையெழுத்தும் ஒத்துப்போனால்தான் புதுச் சாவி வெட்டுவார்கள்.

அந்தக் காப்புரிமை எத்தனை வருஷம் வரும்?

பொதுவாக 20 ஆண்டு. அதுவும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, அவர்கள் விண்ணப்பித்த நாளிலிருந்து. காலம் முடிந்துவிட்டால் வேறு நிறுவனங்கள் அதே வெற்றுத் துண்டைச் செய்து விற்கலாம். இதை விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார். விலைப்புள்ளி வாங்கும்போதே "காப்புரிமை எந்த ஆண்டு முடிகிறது?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இன்னும் இரண்டே ஆண்டு பாக்கியிருக்கிற அமைப்பை நூறு கதவுக்குப் போடுவது வீண் செலவு.

அட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேலாளர் மேசை இழுப்பறையில் சாவியோடு சேர்த்து வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அட்டை எடுத்தவர் எத்தனை சாவி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். அதைப் பணப்பெட்டியில் வையுங்கள்.

எங்ககிட்ட எல்லாச் சாவியும் செக்யூரிட்டி கேபின்ல பலகையில தொங்குது. நோட்டுல கையெழுத்தும் வாங்கறோம். அப்புறம் என்ன?

அந்தப் பலகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து. ஒவ்வொரு கொத்திலும் பிளாஸ்டிக் சீட்டு. சீட்டில் பேனாவால் "சர்வர் ரூம்", "கேஷ்", "எம்.டி. ரூம்". கேபின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். வாட்ச்மேன் வண்டிக்கு கேட் திறக்கப் போகிற நேரத்தில், கூரியர் கொடுக்க வந்தவரும் படிக்கலாம், எடுக்கலாம், சோப்பில் அழுத்தி அச்செடுத்துவிட்டுத் திரும்ப மாட்டியும் வைக்கலாம். நோட்டில் எதுவும் ஏறியிருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். சீட்டைப் பிடுங்கிவிட்டு எண் போடுங்கள். 12-3 என்றால் 12-ஆம் பூட்டின் மூன்றாம் பிரதி. எந்த எண் எந்த அறை என்ற பட்டியல் கேபினில் இருக்கக் கூடாது, அலுவலகத்தில் இருக்க வேண்டும். பலகைக்குப் பதில் பூட்டுகிற இரும்புப் பெட்டி. ஒருவருக்குக் கொடுக்கிற கொத்தைத் திறக்க முடியாத, வெட்டினால் தெரிந்துவிடுகிற எஃகு வளையத்தில் கோத்துக் கொடுங்கள். கொத்திலிருந்து ஒரு சாவியை மட்டும் கழற்றி இரவல் கொடுப்பது அதோடு நிற்கும்.

நோட்டில் எடுத்தவர் பெயர், சாவி எண், எடுத்த நேரம், கொடுத்த நேரம் நான்கும் வேண்டும். மாலையில் ஒருவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சாவி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தன் சாவியை நேரில் காட்ட வேண்டும். "வீட்ல இருக்கு சார்" என்பது கணக்கில் சேராது. முதல் எண்ணிக்கையில் பெரும்பாலான அலுவலகங்களுக்குத் தங்கள் வாசற்கதவுக்கு எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்றே சொல்லத் தெரிவதில்லை. எனக்கு எந்தத் திருட்டுக் கதையைவிடவும் இது கவலை தருகிறது. திருட்டு நடந்தால் போலீஸ் கேட்கிற முதல் கேள்வி "சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்பதுதான். பதில் இல்லாவிட்டால் அங்கே வேலை பார்க்கிற எல்லோர் மேலும் சந்தேகம் விழும். கூட்டிப் பெருக்குகிற அம்மா மேல் முதலில் விழும். பதிவேடு நிறுவனத்தின் பொருளை மட்டும் காப்பதில்லை, சாவி வைத்திருக்கிற நேர்மையானவரின் பெயரையும் காக்கிறது.

சாவியில எண்தான் போடணும்னு சொல்றீங்க, பேங்க் லாக்கர் சாவியில பேங்க் அடையாளமே பொறிச்சிருக்காங்களே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் லாக்கர்களுக்கு வெளியிட்ட விதிகளில், சாவியில் வங்கி அல்லது கிளையின் அடையாளக் குறி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சாவியும் அதன் லாக்கரும் யாருடையவை என்பதை அதிகாரிகள் அடையாளம் காண்பதற்கு அது. அங்கே இரண்டு சாவி சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும்: வாடிக்கையாளரிடம் ஒன்று, வங்கியிடம் ஒன்று. போதாக்குறைக்கு பாதுகாப்பு அறைக்குள் நுழையவே அனுமதி வேண்டும். ஒரு சாவி கிடைத்தவருக்கு அதனால் பயனில்லை. உங்கள் ஸ்டோர் ரூம் சாவி ஒன்றே கதவைத் திறந்துவிடும். ஆகவே நீங்கள் பெயர் எழுதாதீர்கள்.

வேலையை விட்டுப் போனவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டார். பூட்டை மாத்தணுமா?

சாதாரணச் சாவி என்றால், மாற்றுவதுதான் சரி. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சாவிக்கு ஐந்து நிமிடத்தில் பிரதி எடுக்க முடியும் என்று மேலே பார்த்தோம். திருப்பிக் கொடுத்த சாவி, பிரதி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கட்டுப்படுத்திய சாவி என்றால் திருப்பிக் கொடுத்ததும் கணக்கு முடிந்தது. எண்ணைச் சரிபார்த்து வாங்கிப் பெட்டியில் வைத்துவிடலாம். அந்தப் பூட்டின் கூடுதல் விலை இரண்டு மூன்று ஆட்கள் மாறியதிலேயே திரும்பிவிடுகிறது.

கடைசிச் சம்பளக் கணக்குத் தீர்க்கிற தாளில் "சாவி எண், பெற்றுக்கொண்டவர்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் மறக்காமல் கேட்கிற அலுவலகங்கள் சாவியைக் கேட்பதில்லை.

ஒரே ஒரு சாவி தொலைஞ்சிருச்சு. மொத்தத்தையும் மாத்தச் சொல்றாங்க. ஏமாத்தறாங்களா?

எந்தச் சாவி என்பதைப் பொறுத்தது. ஒரு அறையின் சாவி என்றால் அந்த ஒரு சிலிண்டரை மாற்றினால் போதும். சிலிண்டரைக் கழற்றி ஊசிகளை மட்டும் மாற்றி வேறு சாவிக்குப் பொருத்தித் தரவும் முடியும். அது புதிது வாங்குவதைவிடச் சிக்கனம். கழற்றி மாற்றும் வகைச் சிலிண்டர் போட்டிருந்தால் இன்னும் சுலபம். அதற்குக் கன்ட்ரோல் கீ என்று தனியாக ஒரு சாவி இருக்கும் (மேலே சொன்ன கட்டுப்படுத்திய சாவி வேறு). அதை விட்டுத் திருப்பினால் உட்கரு, அதாவது சாவி நுழைகிற உள்பகுதி, அப்படியே கையில் வந்துவிடும். ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். பெரிய கட்டடங்கள் நாலைந்து மாற்று உட்கருவை இருப்பில் வைத்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை இரவு தொலைந்தாலும் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

தொலைந்தது மாஸ்டர் சாவி என்றால் அவர்கள் ஏமாற்றவில்லை. அது திறக்கிற ஒவ்வொரு கதவும் மாற வேண்டும்.

அப்போ மாஸ்டர் சாவியே வேண்டாமா? ஆளுக்கு இருபது சாவி சுமக்க முடியாதே.

வேண்டும், ஆனால் அளவோடு. மாஸ்டர் அமைப்பில் ஒவ்வொரு ஊசிக்கும் நடுவில் ஒரு மெல்லிய வில்லையைச் சேர்ப்பார்கள். அதனால் ஊசி ஒரு உயரத்துக்குப் பதில் இரண்டு உயரங்களில் வழிவிடும். ஆறு ஊசி உள்ள பூட்டில் எல்லாவற்றுக்கும் வில்லை போட்டால் இரண்டின் ஆறாம் அடுக்கு, அதாவது 64 வெவ்வேறு சாவிகள் அந்தப் பூட்டைத் திறக்கும். நீங்கள் செய்துவைத்தது இரண்டுதான். மீதி 62 யாரிடமும் இல்லை என்றாலும் பூட்டு அவற்றையும் ஏற்றுக்கொள்ளும். வசதிக்காகப் பாதுகாப்பில் ஒரு பங்கைக் கொடுக்கிறோம் என்பது தெரிந்து செய்ய வேண்டும்.

மாடிக்கு ஒரு மாஸ்டர், மொத்தத்துக்கு ஒரு மேல் மாஸ்டர் என்று பிரியுங்கள். பண அறை, சர்வர் அறை, மருந்து இருப்பு, பணியாளர் கோப்பு அறை ஆகியவற்றை எந்த மாஸ்டருக்குக் கீழும் கொண்டுவராதீர்கள். அவற்றுக்குத் தனிச் சாவி. மேல் மாஸ்டர் தினமும் யாருடைய இடுப்பிலும் தொங்கக் கூடாது. ஒட்டி முத்திரை வைத்த உறையில், பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஒரு அறைச் சாவி வெச்சிருக்கற ஆள் மாஸ்டர் சாவியையே செஞ்சுட முடியும்னு சொல்றாங்க. உண்மையா?

உண்மை. 2003-இல் மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். மாஸ்டர் அமைப்பில் ஒரு அறையின் சாவி, அந்தப் பூட்டை யாரும் கவனிக்காத நேரத்தில் தொடுகிற வாய்ப்பு, சில வெற்றுத் துண்டுகள் இவ்வளவு இருந்தால் போதும். மேல் மாஸ்டரின் வடிவத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று காட்டினார். பூட்டைக் கழற்றவே தேவையில்லை. பூட்டுத் தொழிலில் இருந்த சிலருக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பதும், கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதும் அப்போது பெரிய விவாதமானது. சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

தடுப்பதற்கு வழி, வெற்றுத் துண்டு கிடைக்காத கட்டுப்படுத்திய சாவி. அப்புறம் மேலே சொன்னபடி முக்கிய அறைகளை மாஸ்டருக்கு வெளியே வைப்பது.

சாவியை போன்ல போட்டோ எடுத்தாலே டூப்ளிகேட் போட்டுடலாமாமே?

சாதாரணச் சாவிக்கு முடியும். சாவியின் ரகசியம் அதன் வெட்டுகளின் ஆழம் மட்டும்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2008-இல் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். மாடியிலிருந்து தொலைநோக்கி வழியாக, 195 அடி தூரத்தில் மேசைமேல் கிடந்த சாவியைப் படமெடுத்து, அதன் வெட்டுகளை மென்பொருளால் படித்துவிட்டார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பயணப் பெட்டிகளைத் திறக்கும் மாஸ்டர் சாவிகளின் படம் 2014-இல் ஒரு நாளிதழில் வெளியானது. அடுத்த ஆண்டே முப்பரிமாண அச்சுக்கான கோப்புகள் இணையத்தில் வந்துவிட்டன.

ஆகவே சாவிக் கொத்தை மேசையில் போடாதீர்கள், இடுப்பில் வெளியே தொங்கவிடாதீர்கள். புதுக் கிளை திறப்பு விழாவில் உரிமையாளர் சாவியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார். அந்தப் படம் முகநூலில் ஏறுவதற்கு முன் அது எந்தச் சாவி என்று கேட்டுவிடுங்கள்.

திருட்டு பயத்துல பின்கதவை வெளியே பூட்டி வெக்கறோம். தப்பா?

தப்பு. மற்ற பதில்களில் சூழ்நிலையைப் பொறுத்து என்று சொல்வேன், இதில் சொல்ல மாட்டேன். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவு பூட்டியிருக்கக் கூடாது. நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் துணியைத் திருடிவிடுவார்கள் என்று படிக்கட்டுக் கதவைப் பூட்டிவைத்திருந்தார்கள். டெல்லி உபகார் திரையரங்கில் 1997-இல் 59 பேர் இறந்ததற்குக் கூடுதல் இருக்கைகள் போட்டு வெளியேறும் வழியை அடைத்ததும் ஒரு காரணம்.

நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது. கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு பட்டி. மேலே சாய்ந்தாலே திறந்துவிடும். அதைப் போடுங்கள். வெளிப்பக்கம் கைப்பிடியே வேண்டாம். திருட்டுக்குத் தீர்வு வேண்டுமென்றால் திறந்தவுடன் அலறுகிற அலாரத்தை அந்தப் பட்டியோடு இணைக்கலாம். சங்கிலி போட்டுப் பூட்டுவது திருடனைவிட உள்ளே இருப்பவருக்குத்தான் ஆபத்து.

நாங்க கார்டும் கைரேகையும் போட்டாச்சு. இனி சாவிக் கவலை இல்லைல்ல?

குறைந்திருக்கிறது, போகவில்லை. கார்டின் பெரிய பலம், தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்துவிடலாம். யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவும் தானாக வரும். ஆனால் மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு, கேட்கிற எந்தக் கருவிக்கும் தன் எண்ணைச் சொல்லிவிடும். பிரதி எடுப்பது சாவியைவிடச் சுலபம். மிஃபேர் கிளாசிக் என்ற பரவலான கார்டின் மறைகுறியை நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துவிட்டார்கள். இன்னும் பல அலுவலகங்களில் அதுதான் ஓடுகிறது. டெஸ்ஃபயர் மாதிரிப் பிந்தைய ரகங்களைக் கேளுங்கள்.

காந்தப் பூட்டு மின்சாரம் போனால் திறந்துவிடும். தீ விபத்தில் அது நல்லது, அலாரத்தோடு இணைத்தும் இருக்க வேண்டும். மின்வெட்டில் என்ன ஆகும்? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒருநாள் மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, பல மின்னணுப் பூட்டுகளில் அவசரத்துக்கு ஒரு சாவித் துளை இருக்கும், மூடியின் பின்னால் மறைந்து. அந்தச் சிலிண்டர் பெரும்பாலும் மிக மலிவானது. அதன் சாவி பூட்டு வந்த அட்டைப்பெட்டியிலேயே ஸ்டோரில் கிடக்கும். அதையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

வாடகைக் கட்டடம். ஓனர்கிட்ட ஒரு சாவி இருக்கு. என்ன செய்யறது?

வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை சாவி, யாரிடம், எந்த நேரத்தில் யார் துணையோடு திறக்கலாம் என்று. குடிபோகும் அன்று சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். முன்பு இருந்தவர்களிடமும், உள் அலங்கார வேலை பார்த்த தச்சர், எலக்ட்ரீஷியனிடமும் பழைய சாவி இருக்கும். தண்ணீர்க் குழாய் உடைந்தால் உரிமையாளர் நுழைய வேண்டியிருக்கலாம் என்பது நியாயமான கவலை. அதற்கு முத்திரை வைத்த உறையில் ஒரு சாவியைக் கொடுங்கள். உறை கிழிந்திருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

முதலாளி, அவர் பையன் எல்லாம் நோட்டுல கையெழுத்துப் போட மாட்டாங்க. அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?

இதை மேலாளர்கள் என்னிடம் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். வாட்ச்மேனை முதலாளியிடம் கையெழுத்துக் கேட்க வைக்காதீர்கள். அது அவருக்கு முடியாத காரியம். முதலாளிக்கும் மகனுக்கும் நிரந்தரமாக எண்ணிட்ட சாவியைக் கொடுத்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரே தடவை கையெழுத்து வாங்கிவிடுங்கள். தினம் எழுத வேண்டியதில்லை. மூன்று மாத எண்ணிக்கையில் மட்டும் மற்றவர்களைப் போல அவர்களும் சாவியைக் காட்ட வேண்டும்.

பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏன் வேண்டும் என்றால், ஏதாவது காணாமல் போகிற அன்று சாவி வைத்திருப்போர் பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. முதலாளியிடம் இதை அப்படியே சொல்லலாம். சொன்னால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.